மனையியல் படிப்பும் ஒரு மஞ்சள் கவுனும்

எதிர்வீட்டுப் பெண் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். எந்தப் படிப்புக்கு என்ன செலவு, முடித்தால் என்ன சம்பளம் என்று போனைத் தட்டித் தட்டி அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இந்தக் கணக்கு நடந்தது. போன் கிடையாது. இட்லிப் பானை இருந்தது.

என் வயசுக்காரர்களான உங்களிடம் இதைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதுதான் சௌகரியம். ஐந்தாவதோடு நின்றுபோன எழுத்து. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் வீடு பொழிச்சலூரில். ஓடு போட்ட ஒரே அறை, பின்னால் கீற்று வேய்ந்த சமையல்கட்டு. விமானம் தலைக்கு மேலே அவ்வளவு தாழ்வாகப் போகும். பேசிக்கொண்டிருக்கிறவர்கள் அப்படியே நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சண்டைகூட அப்படித்தான். ஓங்கின கை ஓங்கினபடி நிற்கும், சத்தம் அடங்கினதும் மிச்சத் திட்டு வரும்.

அப்பாவுக்குப் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. சைக்கிள் மணி கேட்பதற்கு முன்னாலேயே அவர் வாசனை வந்துவிடும். சுண்ணாம்பும் தோலும் கலந்த அந்த நாற்றம் எனக்கு இன்றைக்கும் நாற்றமாகத் தெரிவதில்லை, அப்பா வருகிறார் என்றுதான் தெரிகிறது. அம்மா காலையில் வாசலில் இட்லி போட்டு விற்பாள். பானைத் தட்டில் ஈரத்துணி விரித்து மாவு ஊற்றி, ஒரு தடவை ஏற்றி இறக்கினால் அது ஒரு ஈடு. எங்கள் வீட்டில் எதையும் ரூபாயில் யோசிக்க மாட்டார்கள். செருப்பு ரெண்டு ஈடு, டாக்டருக்கு மூணு ஈடு, இப்படித்தான்.

மாவு ஆட்டுவது என் அக்கா. என்னைவிட ஏழு வயது பெரியவள். அவள் குழவியைச் சுற்றுவாள், நான் பக்கத்தில் குந்தி மாவை உள்ளே தள்ளிவிடுவேன். சுற்றிக்கொண்டே பாடம் ஒப்பிப்பாள். குழவி நின்றால் பாடம் மறந்துவிட்டது என்று அர்த்தம்.

அக்கா பிளஸ் டூ பாஸான வருஷம் நான் ஐந்தாவது முடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து திரும்புகிற வழியில், அக்காவுக்கு ஹைஸ்கூலில் பாடம் எடுத்த டீச்சரம்மா தூக்குப் பாத்திரத்தோடு இட்லி வாங்க வந்தார்கள். அன்றைக்கென்று தாம்பரத்திலிருந்து என் அத்தையும் வந்திருந்தாள். அப்பாவுக்கு அக்கா முறை. மார்க்கெட்டில் மலிவாக வாங்கின கத்திரிக்காயை முறத்தில் கொட்டிச் சொத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ் பண்ணிட்டாளே, அடுத்து என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டார்கள் டீச்சரம்மா.

அத்தை நிமிராமலே பதில் சொன்னாள். “அடுத்து இன்னா டீச்சர்? எம்புள்ளைக்குக் கட்டி வைக்க வேண்டியதுதான். கிண்டில லேத்து ஓட்டுறான். மொறைப் பொண்ணு வேற.”

“படிக்க வைங்க. ஹோம் சயின்ஸ்னு ஒரு டிகிரி இருக்கு. தமிழ்ல மனையியல்னு சொல்வாங்க. சத்துணவு, தையல், குழந்தை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம், எல்லாம் இருக்கும். மூணு வருஷம்.”

அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, “வூட்டு வேலைய காலேஜ்ல சொல்லித் தராங்களா?” என்றார்.

“சோறாக்க சர்ட்டிபிகேட்டா?” அத்தை சிரித்த சிரிப்பில் கத்திரிக்காய் உருண்டது. “நான் இன்னா டிகிரி வாங்கிக்கினா ஆக்குறேன்?”

“அதான் உன் சோறு அப்பிடி கீது,” என்றார் அப்பா.

ஆனாலும் அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தால் கணக்குப் போடப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். “பீஸ் இன்னா ஆவும் டீச்சர்?”

“சர்க்கார் காலேஜுதாங்க. பீஸ் பெரிசா ஒண்ணுமில்ல. டிரெயின் பாஸ், புஸ்தகம், அவ்வளவுதான்.”

பாஸுக்கு இத்தனை ஈடு, புஸ்தகத்துக்கு இத்தனை ஈடு என்று அப்பா விரலை மடக்கினார். “சரி. படிச்சா எவ்ளோ வரும்?”

டீச்சரம்மா முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டார்கள். “மேல பி.எட். பண்ணினா டீச்சராகலாம். ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்குச் சாப்பாடு பார்க்கிற வேலை இருக்கு. வேலையே கிடைக்கலைன்னாலும் குடும்பத்தை நல்லா நடத்துவா. இந்தப் படிப்பு வீணாப் போகாதுங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அப்பா விழுந்தார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். “மத்த படிப்புன்னா புள்ளைக்குத் தலைகனம் வரும். இது வூட்டுப் படிப்பு,” என்றார். அம்மாவும் அடுப்படியிலிருந்து, “நம்ம யாவாரத்துக்கும் ஒத்தாசையாத்தான் இருக்கும்,” என்றாள்.

அத்தை முறத்தைத் தள்ளி வைத்தாள். “இந்தா பாரு தம்பி. நான் ஒரு பொட்டுத் தங்கம் கேக்காம கட்டிக்கினு போறேன்றேன். நீ டிகிரி படிக்க வெச்சா, அப்பால டிகிரி மாப்ளதான் தேடணும். அவன் இன்னா சும்மாவா வருவான்? அதையும் சேத்துக் கணக்குப்…”

விமானம் வந்துவிட்டது. எல்லோரும் அப்படியே இருந்தோம். அத்தையின் வாய் திறந்தபடி இருந்தது.

“…போடு,” என்றாள் சத்தம் போனதும்.

அப்போதுதான் கவனித்தோம். பின்னால் ஆட்டுக்கல் சத்தம் நின்றிருந்தது. அப்பா தலையைத் திருப்பி, “நீ இன்னா சொல்ற?” என்றார்.

“படிக்கிறேம்பா,” என்று அக்காவின் குரல் மட்டும் வந்தது. கல் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டது.

அத்தையின் கணக்கு, அப்பாவின் கணக்கு, டீச்சரம்மாவின் கணக்கு, மூன்றும் நியாயமான கணக்குதான். இன்று யோசித்தாலும் யார் மேலும் கோபம் வரவில்லை. அந்தக் கல்லை அடுத்த மாதத்திலிருந்து யார் சுற்றுவது என்பது மட்டும் யார் விரலிலும் மடங்கவில்லை.

ஜூன் மாதம் அக்கா காலேஜுக்குப் போனாள். விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் பல்லாவரம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயில் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். திரும்பி வர விளக்கு வைத்துவிடும். அம்மாவுக்கு ஏற்கனவே தோள்பட்டை வலி. ஒரு வாரம் தனியாக ஆட்டிப் பார்த்தாள். எட்டாவது நாள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

“ஒரு வருசம் வூட்ல இருடி கண்ணு. அடுத்த வருசம் ஆறாவது சேத்துடலாம்,” என்றாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. அடுத்த வருஷம் என்று அவள் சொன்னால் அடுத்த வருஷம் என்றுதான் நினைத்தாள். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பம்மலில் இருந்த அந்தப் பெரிய ஸ்கூலில் வகுப்புக்கு ஒரு டீச்சர் கிடையாது, பாடத்துக்கு ஒரு டீச்சர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருத்தரிடம் பேசவே எனக்கு அரை வருஷம் ஆகும். அத்தனை பேரிடம் எப்படிப் பழகுவது? அதைவிட ஆட்டுக்கல் மேல். அது கேள்வி கேட்காது.

அக்காவின் படிப்பில் யாருக்கும் தெரியாத ஒரு செலவு இருந்தது. புதன்கிழமை.

புதன்கிழமைதான் பிராக்டிகல், அதாவது சமையல் செய்து பார்க்கிற வகுப்பு. அதற்கு வேண்டிய சாமான்களை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். வெண்ணெய், முட்டை, கேரட், பீன்ஸ். எங்கள் வீட்டில் கேரட் என்பது காய்ச்சல் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சமாசாரம்.

“சாமான நாம குடுக்கணும், கேஸு அவங்க குடுப்பாங்க. வேற இன்னா குடுப்பாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“மார்க் குடுப்பாங்கம்மா.”

“அத்த வறுத்துத் தின்ன முடியுமா?”

ஆனாலும் அம்மா புதன்கிழமைக்கென்று ஒரு ஈடு அதிகமாக ஏற்ற ஆரம்பித்தாள். அந்த ஒரு ஈட்டை அப்பா வாழை இலையில் கட்டி, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்த் தோல் கம்பெனி வாசலில் விற்றுவிட்டு உள்ளே போவார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. வெட்கப்பட்டிருந்தாலும் அதைப் பார்க்கிற வயது எனக்கு இல்லை.

புதன்கிழமை சாயந்தரம் நான் தெருமுனையில் போய் நிற்பேன். அக்கா தன் பங்குக்கு வந்ததை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவருவாள். கேக், கட்லெட், மஞ்சளாகத் தளதளவென்று ஆடுகிற கஸ்டர்டு. ஒரு துண்டை நாலாக வெட்டுவோம். முதல் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு அப்பா கண்ணை மூடி யோசித்தார். “பன்னுதானே இது? இதுக்கா மூணு வருசம்?” என்றார். அந்த மூடியைத் திறந்ததும் வருகிற வெண்ணெய் வாசனையை அதற்குப் பிறகு நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. அலுமினியமும் ரயில் சூடும் கலந்த வெண்ணெய் வாசனை.

தெருப் பெண்கள் வாசலில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். “இன்னாடி, காலேஜ்ல ரசம் வெக்கக் கத்துக் குடுத்துட்டாங்களா?” என்பாள் ஒருத்தி. அக்கா சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வந்ததும் வராததுமாகப் புடவையை மாற்றிக்கொண்டு ஆட்டுக்கல் பக்கம்தான் வருவாள். நான் அதற்குள் முடித்துக் கழுவிக் கவிழ்த்திருப்பேன். கவிழ்த்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

அடுத்த ஜூன் வந்தது. “இன்னும் ஒரு வருசம்,” என்றாள் அம்மா.

இரண்டாம் வருஷத்தில் தையல். ஒரு குழந்தைக்கு அளவெடுத்துக் கவுன் தைக்க வேண்டும். அக்கா என்னைக் கதவோரம் நிற்கவைத்து இஞ்ச் டேப்பால் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் அளந்தாள். அதுவரை எனக்கு யாரும் அளவெடுத்ததில்லை. போட்டுக்கொண்டதெல்லாம் அக்காவின் பழசு. டேப் ஜில்லென்று கழுத்தில் பட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தாம்பரம் மார்க்கெட்டில் மஞ்சள் நிற வாயில் துணி வாங்கினோம். கடுகு அளவு வெள்ளைப் பூ போட்டது. டீச்சரம்மா வீட்டில் கையால் சுற்றுகிற தையல் மெஷின் இருந்தது. நாங்கள் தரையில் துணியை விரித்து வெட்டப்போகிற நேரத்தில், எங்களோடு வந்திருந்த அம்மா குறுக்கே கையை வைத்தாள்.

“வளர்ற புள்ள. உள்ள நல்லா விட்டுத் தை.”

“ஓரத்துல இவ்வளவுதான் விடணும்னு ரூல் இருக்கும்மா. அதிகம் விட்டா மார்க் போயிடும்.”

“அவ இன்னா மார்க்கையா போட்டுக்கினு போவப் போறா? கவுனத்தான போடப் போறா?”

அக்கா கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸ் கோட்டைத் தள்ளிப் போட்டு வெட்டினாள். இரண்டு பக்கமும் தோளிலும் விரற்கடை அளவுக்குத் துணி, கீழ் மடிப்பில் இன்னும் கூட. மார்புப் பக்கம் ஊசியால் சுருக்கு வைத்து வலைபோலத் தைத்தாள். போட்டுப் பார்க்கும்போது குண்டூசி குத்தும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி கிடையாது. “எப்பிடிக்கா இருக்கு?” என்று கேட்டேன். “மகாராணி மாதிரி,” என்றாள்.

மறுநாள் கவுன் காலேஜுக்குப் போனது. திரும்பி வரவில்லை. நன்றாகத் தைத்ததைக் கண்ணாடி அலமாரியில் மாட்டிவைப்பார்களாம். மூன்று வருஷமும் முடிந்த பிறகுதான் தருவார்களாம். உள்ளே துணி அதிகம் விட்டதற்கு மார்க்கும் குறைந்துவிட்டதாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, “அவங்க வூட்ல வளர்ற புள்ள இல்லபோல,” என்றாள்.

அதே வருஷம் இன்னொரு பாடம். ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு அது என்ன சாப்பிடுகிறது, எப்படி விளையாடுகிறது, வயசுக்கு ஏற்ற உயரமும் எடையும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அக்கா என்னையே எடுத்துக்கொண்டாள். எடை பார்க்கப் பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் போனோம். உங்களுக்கு அந்த மெஷின் ஞாபகம் இருக்கும். சிவப்பு நிறத்தில் ஆள் உயரம், கலர் கலராக பல்பு, உள்ளே சக்கரம் சுற்றும். காசு போட்டால் டிக்கெட் மாதிரி ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ‘உங்கள் பேச்சுத் திறமையால் பலர் மனதைக் கவர்வீர்கள்’ என்று எனக்கு வந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினேன். அவள் ஜோசியம் பக்கம் திருப்பவே இல்லை. இன்னொரு காசு போட்டு என்னை மறுபடி ஏறச் சொன்னாள். மறுபடியும் அதே எடைதான்.

பிறகு ஒருநாள் அந்தக் குழந்தைகளைக் காலேஜுக்கு அழைத்துவரச் சொன்னார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரி, ரெட்டைப் பின்னல் போட்டு, அக்கா என்னைக் கூட்டிப்போனாள். பெரிய பெரிய மரங்கள், சிவப்புக் கட்டடம், எங்கே பார்த்தாலும் பெண்கள். ஒரு அறையில் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். கண்ணாடி அலமாரிக்குள்ளே என் கவுன் மாட்டியிருந்தது. தோளில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர்களுக்குப் பாடம் எடுக்கிற மேடம் பக்கத்தில் வந்தார்கள். பஞ்சு போன்ற தலை, மெதுவான பேச்சு. “இந்தப் பொண்ணுக்குத்தான் தைச்சதா? நல்லா இருக்கே. என்ன கிளாஸ்மா படிக்கிற?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சாவது முடிச்சிட்டேன்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அப்ப ஆறாவதா?”

“இல்ல. மாவு ஆட்டுறேன்.”

சுற்றி நின்ற அக்காமார்கள் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அக்கா என் கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். குழவி பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் ஓர் இடம் தடித்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவள் கையிலும் முன்பு அதே இடம் அப்படித்தான் இருந்தது. இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “நான் காலேஜை நிறுத்திக்கறேம்பா. இவளை ஸ்கூல்ல சேருங்க,” என்றாள்.

அப்பா திகைத்துவிட்டார். “ரெண்டு வருசம் ஓடப்போவுது. பாதில நின்னா போட்டதெல்லாம் தண்ணில போட்ட மாரிதான?”

“இவளைப் போட்டிருக்கீங்களேப்பா.”

அம்மா அடுப்பை ஊதினாள், எரிகிற அடுப்பை. அக்கா மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. மாவு ஆட்ட அவளே உட்கார்ந்தாள். கை பழக்கம் விட்டுப்போய் அன்றைக்கே கொப்புளம் வந்துவிட்டது. என் எதிரில் அதை மறைத்துக்கொண்டாள்.

தாம்பரத்துக்குச் சேதி எப்படிப் போனதோ. அத்தை தட்டில் பூ, வெற்றிலை பாக்கு, மஞ்சள் எல்லாம் வைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். “எனக்கு அப்பவே தெரியும். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? தை பொறந்ததும் முடிச்சிடலாம்,” என்று தட்டை நடு வீட்டில் வைத்தாள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குப் புதன்கிழமை.

அந்த வாரத்துக்கான முட்டையை அம்மா முன்கூட்டியே வாங்கி உமியில் புதைத்து வைத்திருந்தாள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. டிபன் பாக்ஸில் இட்லி வைத்தேன். முட்டையை உமியோடு எடுத்துத் துணிப்பையில் போட்டேன். இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் அக்கா முன்னால் நின்றேன்.

“டிரெயின் போயிடும்க்கா.”

“நான் போகலடி.”

“முட்டை வாங்கியாச்சே.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தை கையை நீட்டினாள். “முட்டைதானே? இங்க குடு. எம்புள்ளைக்கு ஆம்லெட்டு போட்டுக்கறேன்.”

“குடுக்காத,” என்றார் அப்பா.

அவர் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஏறு. ஸ்டேஷன்ல வுட்டுட்டுப் போறேன். நடந்தா வண்டி போயிடும்,” என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. “அப்பால இவள சேத்துடலாம். நீ முடிச்சிட்டா வூட்ல நீ இருப்ப இல்ல?” என்றார் மறுபடி. குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அப்பா கெஞ்சி நான் கேட்டதில்லை.

நான் பையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். கை வலித்தது.

அக்கா எழுந்து பையை வாங்கிக்கொண்டாள். தோல் நாற்றம் புடவையில் ஒட்டும் என்று அந்த சைக்கிளில் அவள் ஏறவே மாட்டாள். அன்றைக்கு ஏறி, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனாள். அத்தை தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஊமைக்கோட்டான் நீதாண்டி எல்லாத்துக்கும் காரணம்,” என்றாள். பூவை வீணாக்காமல் அம்மா தலையிலும் என் தலையிலும் வைத்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

இதை நான் எங்கேயாவது சொன்னால், அக்காவுக்காக விட்டுக்கொடுத்தாயே என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. முட்டை கெட்டுப்போகுமே என்றுதான் நினைத்தேன். சாயந்தரம் டிபன் பாக்ஸில் ஏதாவது வரும் என்ற ஆசையும் இருந்தது. அன்றைக்குக் கேரமல் புட்டிங் வந்தது.

அக்கா படிப்பை முடித்தாள். வேலைக்கு ரொம்ப நாள் காத்திருந்தாள். கிடைத்த வேலை என்ன தெரியுமா? ஊர் ஊராகப் போய்ச் சின்னப் பிள்ளைகளை எடை போட்டுப் பார்க்கிற சர்க்கார் வேலை. ஊரப்பாக்கம், பள்ளிக்கரணை என்று பஸ் மாறிப் போய், கொக்கியில் தொங்குகிற தராசில் பிள்ளைகளை உட்காரவைத்து, எடை குறைந்திருந்தால் தாயைக் கூப்பிட்டு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவாள். தொண்ணூறுகளில் அப்பாவின் தோல் கம்பெனியை மூடினபோது வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில். என் கல்யாணமும் அதில்தான். அவளைக் கட்டிக்கொண்டவர் அதே ஆபீஸ்காரர், நகை எதுவும் கேட்கவில்லை. அத்தை போட்ட கணக்கில் அது ஒன்று தப்பிவிட்டது. அப்பா கடைசிக் காலத்தில், “போட்ட ஈடெல்லாம் வட்டியோட வந்துடுச்சு,” என்று விரலை மடக்காமலே சொல்வார்.

அத்தைக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது, கஞ்சி எவ்வளவு, பழம் எது என்று அக்காதான் பார்த்துக்கொண்டாள். “அன்னிக்கே நெனச்சேன்,” என்பாள் அத்தை. “என் சோத்துல கை வெக்கத்தான் இவ காலேஜுக்குப் போறான்னு.” சொல்லிவிட்டு அக்கா அளந்து வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள்.

கவுன் என்ன ஆனது என்று சொல்லவில்லையே.

பரீட்சை முடிந்த கடைசி நாள், அக்கா அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். எனக்குப் பதின்மூன்று வயது. ஆசையாகத் தலைவழியே போட்டேன். தோளோடு நின்றுவிட்டது. அக்கா அதைக் கழற்றி உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பினாள். மார்க் குறைத்த துணி அங்கே அப்படியே இருந்தது. ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பக்கங்களை விட்டாள், தோளை விட்டாள், கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கினாள். டீச்சரம்மா வீட்டுக்குப் போய் மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தாள். சரியாக இருந்தது. அலமாரி வெளிச்சத்தில் வெளித்துணி வெளுத்துப்போயிருக்க, உள்ளே மடங்கியிருந்தது மட்டும் புது மஞ்சளாக இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தக் கவுனோடு என்னைப் பம்மல் ஸ்கூலுக்குக் கூட்டிப்போனாள். பெரிய டீச்சர் நல்ல மாதிரி. வயசு கூடத்தான், பரவாயில்லை, உட்காரட்டும் என்றார்கள். ஆறாவது வகுப்பு வாசல் வரைக்கும் அக்கா கூடவே வந்தாள். உள்ளே எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. எல்லாம் என் தோளுக்குக் கீழே. முன் வரிசையில் ஒரு பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டு, நான் புது டீச்சரோ என்கிற மாதிரி பாதி எழுந்து நின்றாள்.

நான் வாசற்படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டேன்.

அக்கா இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே நின்றாள். “நாளைக்கு வரலாமா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். நாளைக்கு வரமாட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் ஸ்கூலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வழியில் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தாள். தலைக்கு மேலே விமானம் போனபோது இரண்டு பேரும் நின்றோம். நாங்கள் ஒன்றும் பேசிக்கொண்டிருக்கவில்லை, ஆனாலும் நின்றோம்.

அம்மா இட்லித் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். இந்நேரத்துக்கு நான் திரும்பி வந்ததில் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் அக்காவிடம் கேட்டாள்.

“கவுன் சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா,” என்றாள் அக்கா. “அளவெடுத்த மாதிரி இருந்துச்சு.”

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டுக்கல்லில் போய் உட்கார்ந்தாள். நான் கவுனை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். அவள் சுற்றினாள், நான் மாவைத் தள்ளிவிட்டேன்.